கேஷுவாலிட்டி செவிலியர் சம்பளம்: ஊரா, முதலாளியா?

கேள்வி: அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் செவிலியரின் சம்பளம் ஊருக்கு ஊர் மாறுவது எதனால்? பட்டாபிராமில் குடியிருக்கும் ஒருவர் ஆவடி, பெரம்பூர், பூந்தமல்லி, திருவள்ளூர் என்று எந்தப் பக்கம் வேலைக்குப் போனால் கூடுதலாகக் கிடைக்கும்?
- வாசகி, பட்டாபிராம்

பதில்: அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுச் செவிலியர் என்று தனி ஊதியம் கொண்ட பதவி கிடையாது. கேஷுவாலிட்டியில் நிற்பவரும் பிரசவ வார்டில் நிற்பவரும் ஒரே பதவி, ஒரே ஊதிய நிலை. டூட்டிப் பட்டியல் மாறும்போது ஆள் இடம் மாறுவார், சம்பளம் மாறாது. தமிழ்நாட்டில் விபத்து, அவசர சிகிச்சைக்கென்று தனித் திட்டம் வந்த பிறகு, பெரிய அரசு மருத்துவமனைகளில் வாசலிலேயே நோயாளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து உள்ளே அனுப்புகிறார்கள். யாரை முதலில் கவனிப்பது என்பதில் செவிலியரின் கண்ணுக்கும் கைக்கும் பெரிய பங்கு உண்டு. வேலை இவ்வளவு தனித்திறன் கேட்பதாக மாறியும் சம்பளச் சீட்டில் அதற்கென்று ஒரு வரி சேரவில்லை.

ஆக, சம்பளத்தை முடிவு செய்வது இரண்டு விஷயங்கள்: மருத்துவமனை யாருடையது, அது எங்கே நிற்கிறது. பொதுவாக இரண்டாவதைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் அம்பத்தூரில் தொடங்கிப் பட்டாபிராம் வரை நீளும் இந்தப் பக்கத்தில் முதலாவதுதான் கனமானது. இங்கே எட்டிப்போகும் தூரத்துக்குள் நான்கு வகைச் சம்பளக்காரர்கள் இருக்கிறார்கள். ஆவடி எச்.வி.எஃப். தொழிற்சாலை மருத்துவமனை, பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை, கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை மத்திய அரசுக் கணக்கு. ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளும் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மாநிலக் கணக்கு. அதே மாநில மருத்துவமனைகளுக்குள் தொகுப்பூதியச் செவிலியர்கள் தனி வகை. நான்காவது தனியார்: போரூர், வேலப்பன்சாவடி, தண்டலம் வரை வரிசையாக நிற்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும், சி.டி.எச். ரோட்டின் இருபுறமும் உள்ள சிறு நர்சிங் ஹோம்களும்.

மத்திய அரசில் செவிலியர் பதவி ஏழாவது ஊதியக் குழுவின் 7ஆம் நிலையில் தொடங்குகிறது. பேசிக் 44,900 ரூபாய். இது ஆவடியிலும் அசாமிலும் ஒன்றுதான். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நாடு முழுவதும் ஒரே நுழைவுத் தேர்வு நடப்பதற்கும் இந்தப் பொதுவான பேசிக் வசதியாக இருக்கிறது. ஊர் நுழைவது படிகளில்தான். வீட்டு வாடகைப்படிக்காக நகரங்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். எக்ஸ் பட்டியலில் நாடு முழுவதும் எட்டே நகரங்கள், அதில் சென்னை ஒன்று. கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஆகியவை ஒய். மீதி ஊர்கள் எல்லாம் இசட். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரி முதல் வாடகைப்படி முறையே பேசிக்கில் 30, 20, 10 சதவீதம். போக்குவரத்துப் படியும் அப்படித்தான்: சென்னை, கோவை உள்ளிட்ட 19 பெருநகரங்களில் இந்த நிலைக்கு 3,600 ரூபாய், மற்ற ஊர்களில் 1,800. அதன் மேலும் அகவிலைப்படி ஏறும்.

பட்டாபிராம் ரயில் நிலையத்தில் நின்று இரண்டு திசையிலும் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். கிழக்கே போனால் பெரம்பூர், மேற்கே போனால் அரக்கோணம். இரண்டு ஊரிலும் ரயில்வே மருத்துவமனை இருக்கிறது, இரண்டும் ஒரே தண்டவாளத்தில் வருகின்றன. புதிதாகச் சேர்ந்த ஒரு செவிலியருக்கு, 2025 ஜூலையில் இருந்த 58 சதவீத அகவிலைப்படியை வைத்துப் பார்த்தால், பெரம்பூரில் பேசிக் 44,900, அகவிலைப்படி 26,042, வாடகைப்படி 13,470, செவிலியர் படி 9,000, போக்குவரத்துப் படி 5,688; மொத்தம் 99,100 ரூபாய். அரக்கோணம் சென்னைப் பெருநகரத் தொகுதிக்கு வெளியே இருப்பதால் வாடகைப்படி 4,490 ஆகவும் போக்குவரத்துப் படி 2,844 ஆகவும் இறங்கி, மொத்தம் 87,276 ஆகிறது. வித்தியாசம் 11,824 ரூபாய். ஓய்வூதியப் பிடித்தமும் வருமான வரியும் இதற்குப் பிறகுதான்.

இதில் புறநகர்க்காரருக்கு ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. வாடகைப்படிப் பட்டியல் மாநகராட்சி எல்லையைப் பார்ப்பதில்லை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வகுத்த நகரத் தொகுதியைப் பார்க்கிறது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாகிவிட்டாலும் சென்னைத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. அதனால் ஆவடியில் மத்திய அரசுப் பணியில் இருப்பவருக்கும் அண்ணா நகர்க் கணக்கில்தான் படி வரும். வாடகை கொடுப்பது பட்டாபிராம் கணக்கில்.

மாநில அரசில் ஊர்க் கணக்கு வேறு விதம். நிரந்தரச் செவிலியரின் பேசிக் 35,000 ரூபாயை ஒட்டித் தொடங்குகிறது. அகவிலைப்படி மத்திய அரசின் விகிதத்தையே பின்பற்றுவதால் இரண்டும் சேர்ந்து 55,000 அளவுக்கு வந்துவிடும். வாடகைப்படி சதவீதமாக இல்லாமல், பேசிக்கைப் பொறுத்து ரூபாய்க் கணக்கில் படிக்கட்டாக வைக்கப்பட்டிருக்கிறது. மேல் படிக்கட்டு சென்னைக்கும் அதைச் சுற்றிய 32 கிலோமீட்டருக்கும். நகர ஈட்டுப்படி என்று இன்னொன்று உண்டு. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையிடங்களில் மலைப்படியும் குளிர்காலப்படியும் சேரும். எல்லாம் கூடினாலும் ஊரால் வரும் வித்தியாசம் மத்திய அரசில் உள்ள அளவுக்குப் பெரிதல்ல. மாநிலச் செவிலியர்கள் இடமாறுதல் கேட்பது பெரும்பாலும் வீடு, குழந்தை, வயதான பெற்றோர் என்ற காரணங்களுக்காகத்தான், படிக்காக அல்ல.

ஈ.எஸ்.ஐ. இன்னும் விசித்திரம். கே.கே. நகர் மருத்துவமனையை ஈ.எஸ்.ஐ. கழகமே நேரடியாக நடத்துகிறது, அயனாவரம் மருத்துவமனையை மாநில அரசு நடத்துகிறது. அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கும் சந்தா ஒன்றுதான். அவர் விரல் நசுங்கி அயனாவரத்துக்குப் போனால் கட்டுப் போடும் செவிலியருக்கு மாநில ஊதியம், கே.கே. நகருக்குப் போனால் மத்திய ஊதியம்.

இனி தொகுப்பூதியம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015 முதல் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் தேர்வெழுதி ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்படுவோம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடியது நினைவிருக்கும். பிறகு அந்தத் தொகை படிப்படியாக உயர்ந்து 18,000 ஆனது. காலியிடம் வரும்போது பணிமூப்பு வரிசையில் நிரந்தரம் என்பதால் பலருக்குக் காத்திருப்பு வருடக்கணக்கில் நீண்டது.

தொகுப்பூதியத்தில் ஊர் வேறுபாடே இல்லை என்பதுதான் அதன் கொடுமை. அகவிலைப்படி, வாடகைப்படி எதுவும் கிடையாது. அரியலூர்ப் பக்கக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 18,000, ஆவடியிலும் 18,000. தொகை ஒன்றாக இருப்பதாலேயே சென்னையைச் சுற்றி வேலை பார்ப்பவருக்கு அது குறைந்த சம்பளம். வாடகை கொடுத்து மிச்சம் பார்க்க வேண்டிய ஒப்பந்தச் செவிலியருக்குச் சொந்த ஊர்ப் பணியிடம்தான் ஊதிய உயர்வு.

இப்போது எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெரம்பூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் ஊர் மாறியதால் வந்த வித்தியாசம் சுமார் 12 சதவீதம். மத்திய அரசுச் செவிலியருக்கும் மாநிலத் தொகுப்பூதியச் செவிலியருக்கும், ஊர் ஆவடியாகவே இருந்தாலும், ஐந்து மடங்குக்கு மேல். பட்டாபிராமிலிருந்து எந்தத் திசையில் போவது என்பதைவிட எந்த வாசலுக்குள் நுழைவது என்பதே முதல் கேள்வி.

கேள்வி: தனியார் மருத்துவமனைகளில் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையா? கேரளத்தில் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்கிறார்களே?
- வாசகர், திருநின்றவூர்

பதில்: தனியார் துறையில்தான் ஊர் முழு பலத்தோடு வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே பட்டியல் கிடையாது, சந்தை இருக்கிறது. பெருநகரத்தின் பெரிய மருத்துவமனை காப்பீட்டு நோயாளிகளை நம்பி நடக்கிறது. தர அங்கீகாரத்துக்காகப் பயிற்சி பெற்ற செவிலியர் அதற்குத் தேவை. அனுபவம் சேர்ந்ததும் அவர்கள் வெளிநாடு போய்விடுவார்கள் என்ற பயமும் உண்டு. அதனால் சம்பளத்தைச் சற்று ஏற்றித்தான் வைக்க முடியும். ஊர்ப்புற நர்சிங் ஹோமுக்கு இந்த நெருக்கடி எதுவும் இல்லை.

சென்னையின் மேற்கு விளிம்பு இந்த விதிக்கு ஒரு விலக்கு என்று சொல்லலாம். பூந்தமல்லி, தண்டலம் பக்கத்தில் மருத்துவமனைகள் நிறைய, விபத்துகளும் நிறைய. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையும் வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் நசரத்பேட்டையில் சந்திக்கின்றன. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசுச் செலவில் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியபோது தனியார் மருத்துவமனைகளும் அதில் சேர்க்கப்பட்டன. அவசரப் பிரிவில் கைதேர்ந்த செவிலியருக்குத் தேவை கூடியிருக்க வேண்டிய இடம் இது. ஆனால் இங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் பலவும் தங்களுக்கென்று நர்சிங் கல்லூரி வைத்திருக்கின்றன. ஆண்டுதோறும் புதுப் பட்டதாரிகள் அதே வளாகத்திலிருந்து வெளியே வருகிறார்கள். வாசலில் வரிசை நிற்கும்போது சம்பளத்தை உயர்த்த நிர்வாகத்துக்கு என்ன அவசரம்? புதியவர்களுக்கு இந்தப் பகுதியில் சம்பளம் ஏறாமல் நிற்பதற்கும், இரண்டு மூன்று வருட அவசரப் பிரிவு அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும் பேரம் பேச இடம் கிடைப்பதற்கும் காரணம் இதுதான்.

சட்டத்துக்கு வந்தால், இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், தனியார் செவிலியரின் ஊதியத்தை ஆராய வல்லுநர் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் குழு ஊரைப் பார்க்கவில்லை, படுக்கைகளை எண்ணியது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அந்த மாநில அரசுச் செவிலியருக்கு நிகரான சம்பளம். 100க்கு மேல் இருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. மாநில அரசுச் செவிலியருக்கு 55,000 என்று வைத்துக்கொண்டால், சி.டி.எச். ரோட்டில் 80 படுக்கை வைத்திருக்கும் மருத்துவமனை 41,250 ரூபாயாவது தர வேண்டும். அப்படித் தரும் 80 படுக்கை மருத்துவமனையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

காரணம், சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் பரிந்துரையைச் சட்டமாக்கும் வேலை மாநிலங்களிடம் விடப்பட்டது. கேரளம் அதைச் செய்தது, தானாக அல்ல. 2011இல் உருவான ஐக்கிய செவிலியர் சங்கம் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேலைநிறுத்தம் நடத்தி, 2017இல் மாநிலம் முழுவதும் போராட்டத்தைப் பரப்பியது. 2018 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வந்தது: அடிப்படை 20,000, அதற்கு மேல் படுக்கை எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுதல் படி. வாளையார் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் பாலக்காட்டில் ஒரு தரை, இந்தப் பக்கம் கோவையில் வேறு தரை. மண், மழை, மருந்து விலை எதுவும் மாறவில்லை. மாறியது சங்கத்தின் பலமும் ஓர் அறிவிக்கையும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது வேலையின் திறனையும் நிலப்பகுதியையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. மத்திய அரசு நிர்ணயிக்கும் அடித்தள ஊதியமும் பகுதிக்குப் பகுதி மாறலாம். ஊர் வேறுபாட்டுக்குச் சட்டமே இடம் தருகிறது என்று இதற்குப் பொருள். அந்த இடம் தொழிலாளிக்குச் சாதகமாக நிரம்புமா என்பது மாநில அறிவிக்கைகளின் கையில்.

கேள்வி: வெளிநாடுகளில் ஊருக்கு ஏற்பச் சம்பளம் எப்படி வைக்கிறார்கள்?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை நம் மத்திய அரசு முறைக்கு நெருங்கிய உறவு. பதிவுபெற்ற செவிலியர் 5ஆம் பட்டையில் சேர்கிறார். இங்கிலாந்தில் 2025-26இல் அதன் தொடக்கம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. லண்டனுக்கு மட்டும் கூடுதல் படி உண்டு: உள் லண்டனில் 20 சதவீதம், புற லண்டனில் 15, அதையும் சுற்றிய விளிம்பில் 5. ஒவ்வொன்றுக்கும் மேல் வரம்பும் கீழ் வரம்பும் வைத்திருக்கிறார்கள். மூன்று வளையமாக இறங்கும் இந்த முறை பட்டாபிராம் போன்ற ஊருக்கு வந்தால், ஊழியருக்கு இப்போது கிடைக்கும் முழுச் சென்னைப் படி குறைந்துதான் போகும். கோட்டுக்கு உள்ளே, வெளியே என்று மட்டும் பார்க்கும் நம் முறை விளிம்பில் இருப்பவரிடம் தாராளமாகவும், கோட்டைத் தாண்டி ஒரு நிலையம் தள்ளி இருப்பவரிடம் கஞ்சத்தனமாகவும் நடந்துகொள்கிறது.

அமெரிக்காவில் தேசியப் பட்டியலே இல்லை. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே மாதக் கணக்கில், கலிஃபோர்னியாவில் பதிவுபெற்ற செவிலியரின் ஆண்டுச் சராசரி 1,37,000 டாலரைத் தாண்டியிருந்தது. தெற்கு டகோட்டாவில் அது 69,000 டாலர் அளவில். ஏறத்தாழ இரண்டு மடங்கு. கலிஃபோர்னியாவின் வீட்டு விலை ஒரு காரணம், வலுவான செவிலியர் சங்கம் இன்னொன்று. மூன்றாவது காரணம் அவசரப் பிரிவை நேரடியாகத் தொடுகிறது. 1999இல் இயற்றி 2004இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அங்கே அவசரப் பிரிவில் ஒரு செவிலியருக்கு நான்கு நோயாளிகளுக்கு மேல் ஒதுக்கக் கூடாது. நிலை மோசமானவர் என்றால் இரண்டு பேர், கடும் காயத்தோடு வருபவர் என்றால் ஒருவருக்கு ஒருவர். எண்ணிக்கையைச் சட்டம் கட்டிப்போட்டதும் மருத்துவமனைகள் செவிலியரைத் தேடி ஓட வேண்டியதாயிற்று. நம் அரசு மருத்துவமனைகளில் ஞாயிற்றுக்கிழமை இரவு கேஷுவாலிட்டியைப் பார்த்தவர்களுக்கு, சம்பளத்தைவிட இந்த விகிதம்தான் பெரிய பொறாமையைக் கிளப்பும்.

வளைகுடாவில் கதை சுருக்கமானது. வருமான வரி இல்லை. தங்குமிடம் ஒப்பந்தத்திலேயே வருவது வழக்கம். 2015 முதல் சவுதி அரேபியா, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியரை அனுப்புவது அரசு நிறுவனங்கள் வழியாக என்று ஆனது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அவசரப் பிரிவு அனுபவச் சான்றுக்கு அங்கே மதிப்பு உண்டு என்பதால்தான் பலர் சென்னையில் குறைந்த சம்பளத்துக்கு இரண்டு வருடம் கேஷுவாலிட்டியில் நிற்கச் சம்மதிக்கிறார்கள்.

கேள்வி: இரண்டு ஊரில் இரண்டு தனியார் மருத்துவமனைகள் வேலை தர முன்வந்தால் எதை வைத்து ஒப்பிடுவது?
- வாசகி, ஆவடி

பதில்: முதலில் ஒரே வகைத் தொகையை ஒப்பிட வேண்டும். ஒரு கடிதத்தில் நிறுவனத்தின் மொத்தச் செலவும் இன்னொன்றில் பிடித்தத்துக்கு முந்திய சம்பளமும் எழுதியிருக்கும். மொத்தச் செலவில் நிர்வாகம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அடங்கும். அவை மாதக் கடைசியில் கைக்கு வராது. விடுதி, சாப்பாடு தருவதாகச் சொல்லி அதையும் சம்பளத்தில் சேர்த்துக் காட்டுவது வழக்கம். பட்டாபிராமில் வீடு இருப்பவருக்கு விடுதி பயனில்லை, அதற்குப் பதில் ரொக்கம் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்து நைட் டூட்டி. அவசரப் பிரிவில் இரவுப் பணி மற்ற வார்டுகளைவிடத் தவிர்க்க முடியாதது. பெரம்பூர், சென்ட்ரல் பக்கம் என்றால் மின்சார ரயிலும் சீசன் டிக்கெட்டும் செலவைக் குறைத்துவிடும், டூட்டி நேரம் ரயில் நேரத்தோடு ஒத்துப்போனால். போரூர், பூந்தமல்லி என்றால் பேருந்து அல்லது சொந்த வண்டி. இரவு ஒன்பது மணிக்கு மேல் பெண்கள் வண்டி ஓட்டிவருவதில் உள்ள சிரமத்துக்கு விலை போட முடியாது. மருத்துவமனை வேன் உண்டா, எந்த நிறுத்தம் வரை வரும் என்பது ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசத்தைவிட முக்கியம்.

பாண்டு என்ற பெயரில் மூலச் சான்றிதழைக் கேட்கும் இடத்தைத் தள்ளிவைப்பது நல்லது, அங்கே சம்பளம் கூடுதலாக இருந்தாலும். சான்றிதழ் அவர்கள் பெட்டியில் இருக்கும்வரை அடுத்த வாய்ப்புக்குப் போக வழியில்லை. வேறு மாநிலத்தில் வேலை என்றால் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தின் பதிவோடு அந்த மாநில மன்றத்திலும் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஆகும் செலவையும் காத்திருக்கும் நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக 21,000 ரூபாய் என்ற கோடு. மாதச் சம்பளம் அதற்குள் இருந்தால் செவிலியரும் ஈ.எஸ்.ஐ. பயனாளிதான். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்துக்கொண்டு குடும்பம் முழுவதுக்கும் சிகிச்சையும், பிரசவ விடுப்புக்கால ஊதியமும் தருகிறார்கள். ஓர் ஊரில் 20,800, இன்னோர் ஊரில் 21,300 என்று இருந்தால் இரண்டாவது பெரிதாகத் தெரியும். ஆனால் அங்கே சேர்பவருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது, மருத்துவமனை தனியாகக் காப்பீடு எடுத்துத் தருகிறதா, அதில் பெற்றோரும் பிரசவமும் அடக்கமா என்று கேட்டுக்கொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவரின் சம்பளம் நடுவில் உயர்ந்து கோட்டைத் தாண்டினால், அந்தச் சந்தாக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் வரை, பிடித்தமும் பயனும் தொடரும்.